கண்ணாடிப் பெட்டிக்குள்ள டிஎன்ஏ வேணாம், கையில குடுங்க: அறிவியல் மையம் நடத்துற பெரியவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அறிவியல் மையம், அருங்காட்சியகம் எல்லாம் நடத்துற, அதுல எந்தக் கூடத்துக்கு எவ்ளோ பணம் ஒதுக்குறதுன்னு முடிவு பண்ற ஐயாங்களுக்கும் அம்மாங்களுக்கும், வடசென்னை தண்டையார்பேட்டைல சாயங்காலம் புள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்குற ஒரு பயோடெக் பட்டதாரி எழுதுறேன். கேக்க வந்தது ஒரே ஒரு விஷயம்தான். புள்ளைங்களுக்குன்னு உயிர்தொழில்நுட்பக் கூடம் ஒண்ணு வெக்கும்போது, பொம்மைக்கும் கலர் லைட்டுக்கும் போடுற காசைக் கொறைச்சுட்டு, தினமும் அங்க நின்னு புள்ளைங்க கையால செய்ய வெக்குற ஆளுக்கும் மாசாமாசம் தீர்ந்து போற சாமானுக்கும் போடுங்க. இதைச் சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

எங்க புள்ளைங்கள ஒரு மையத்துக்கு கூட்டிட்டு போனோம், பேர் வேணாம், எந்த ஊர்ல போனாலும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கு. உள்ள நுழைஞ்சதும் ஆளுயரத்துக்கு முறுக்கின ஏணி மாதிரி டிஎன்ஏ மாடல், கண்ணாடிப் பெட்டிக்குள்ள, கீழ ஒரு பட்டன், அமுக்குனா பச்சையும் சிவப்பும் எரியும், பக்கத்துல ஒரு போர்டு, அதுல பாடப்புத்தகத்துல இருக்குற அதே வரி. ஏழாவது படிக்குற பையன் ஒருத்தன் கண்ணாடில மூக்க ஒட்ட வெச்சு பாத்துட்டு "அக்கா, இதுக்கு உசுரு கீதா?"ன்னு கேட்டான். எவ்ளோ பெரிய கேள்வி அது! உயிரியல் படிச்ச பெரிய பெரிய ஆளுங்க உக்காந்து பேச வேண்டிய கேள்வி. அங்க நின்ன காவலர் "தொடாத, தள்ளி நில்லு"ன்னாரு, அவ்ளோதான். அவர் மேல தப்பே இல்ல, அவருக்கு குடுத்த வேலை அது. ஆனா அந்த ஹால்ல அவனுக்கு பதில் சொல்ல வேற ஒரு ஆளும் இல்ல, பதிலைக் காட்ட ஒரு பொருளும் இல்ல.

அதே கட்டடத்துல இயற்பியல் பக்கம் பாத்தா புள்ளைங்க விட்டு நகரவே மாட்டேங்குதுங்க. கப்பி இழுக்குதுங்க, வளைஞ்ச கண்ணாடில மூஞ்சிய பாத்து சிரிக்குதுங்க, கம்பில கைய வெச்சா முடி நட்டுக்கிட்டு நிக்குது. அதெல்லாம் ஒரு தடவ செஞ்சு வெச்சா அப்பப்ப எண்ணெய் போட்டா போதும், பத்து வருஷம் ஓடும். உயிரியல் அப்படி இல்லீங்க. உசுரு இருக்குற பொருளுக்கு தினம் சாப்பாடு போடணும், தினம் கழுவணும், நேத்து வெச்சது இன்னிக்கு கெட்டுப் போயிடும். அந்த வேலைக்கு பயந்துதான் நாம எல்லா இடத்துலயும் பிளாஸ்டிக் மாடலும் டச் ஸ்க்ரீனும் வெச்சுட்டு முடிச்சுக்குறோம்னு எனக்கு தோணுது. டச் ஸ்க்ரீன்ல பாக்கறதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம் வரணும், அம்மா போன்லயே பாத்துடுவாங்களே.

கையில குடுக்கறதுன்னா என்னன்னு எங்க மாடில செய்யுறத வெச்சு சொல்றேன். நல்லா பழுத்த வாழைப்பழம் பாதிய எடுத்து ஜிப் கவர்ல போட்டு கட்டி இல்லாம பிசையச் சொல்லுவேன், அதுக்கே பாதி புள்ளைங்க குஷி ஆயிடும். இன்னொரு டம்ளர்ல தண்ணி, அதுல ரெண்டு சிட்டிகை உப்பு, பாத்திரம் தேய்க்குற லிக்விட் ஒரு ஸ்பூன், நுரை வராம மெதுவா கலக்கணும். அதை பழத்துல ஊத்தி ஒரு அஞ்சு நிமிஷம் விட்டுட்டு, டீ வடிகட்டில மெல்லிசு துணி போட்டு வடிகட்டுனா கலங்கலா ஒரு தண்ணி வரும். இப்ப ஃப்ரீஸர்ல வெச்சு ஜில்லுனு ஆன சர்ஜிக்கல் ஸ்பிரிட்ட டம்ளரை சாய்ச்சு ஓரமா மெதுவா விடணும், மேல தனியா ஒரு அடுக்கா நிக்கணும். அப்ப எல்லாரும் வாய மூடிட்டு பாப்பாங்க. ரெண்டும் சேர்ற இடத்துலேர்ந்து வெள்ளையா, மூக்குச்சளி மாதிரின்னு அதுங்களே சொல்லும், நூல் நூலா ஒண்ணு குமிழியோட மேல எழும்பும். ஒரு ஈர்க்குச்சிய விட்டு சுத்துனா குச்சில சுத்திக்கிட்டு வரும். "இதான் டிஎன்ஏவா?"ன்னு அதுங்க கேக்குற குரல் இருக்கே, நீங்க ஒரு நாள் வந்து கேக்கணும்.

அது சுத்தமான டிஎன்ஏ இல்ல, கூட டிஎன்ஏக்கு சொந்தக்காரனான ஆர்என்ஏ, புரதம், பழத்தோட பசைப்பொருளான பெக்டின் எல்லாம் ஒட்டிக்கிட்டுதான் வரும், அதையும் மறைக்காம சொல்லிடுவேன். ஏன் சோப்புன்னு அப்பறம் கேக்கலாம். செல்லைச் சுத்தி இருக்குற சவ்வு கொழுப்பால ஆனது, சோப்பு எண்ணெய்ப் பிசுக்க எடுக்குற மாதிரியே அதையும் கரைச்சு விட்டுடும். உப்பு டிஎன்ஏவ ஒண்ணோட ஒண்ணு சேர விடும், ஸ்பிரிட்ல டிஎன்ஏ கரையாது அதனால வெளிய வந்து நிக்கும். வாழைப்பழம் ஏன்னு கேட்டா அதுவே தனி கதை, நாம சாப்புடுற பூவன், ரஸ்தாளி எல்லாத்துலயும் குரோமோசோம், அதாவது டிஎன்ஏ சுருட்டி வெச்ச கட்டு, மூணு மூணு செட்டா இருக்கு, நமக்கு ரெண்டு செட்டுதான், மூணா இருக்கறதாலதான் அதுல வெதை சரியா உருவாகறதில்ல, கன்று வெச்சுதான் வளக்குறோம். தினம் சாப்புடுற பழத்துக்குள்ள இவ்ளோ இருக்கான்னு ஒரு பொண்ணு அன்னிக்கு பழக்கடைல நின்னு கடைக்கார அண்ணனுக்கே சொல்லிக்குடுத்துட்டு வந்துச்சு. இதுக்கு ஆன செலவு ஒரு டஜன் பழமும் ஒரு பாட்டில் ஸ்பிரிட்டும். ஸ்பிரிட் மட்டும் பெரியவங்க கையிலதான் இருக்கணும், பக்கத்துல நெருப்பு கூடாது, அதனாலதான் அங்க எப்பவும் ஒரு ஆள் வேணும்னு மறுபடியும் சொல்றேன்.

அடுத்து கடல்பாசி. ராயபுரம், மண்ணடி பக்கம் நோம்பு நேரத்துல கடல்பாசி காய்ச்சி கட்டி கட்டியா வெட்டி குடுப்பாங்க, எங்க டியூஷன்ல அது சாப்பிடாத புள்ளையே கிடையாது. அந்தக் கடல்பாசிக்கு இன்னொரு பேர் அகர், அதையேதான் உலகத்துல இருக்குற எல்லா கிருமி ஆய்வுக்கூடத்துலயும் கிருமி வளக்க வட்டத் தட்டுல ஊத்தி வெச்சிருக்காங்கன்னு சொன்னப்ப ஒருத்தரும் நம்பல. அது எப்படி சமையல்கட்டுலேர்ந்து லேபுக்கு போச்சுங்கறத உங்க கூடத்துல யாராவது புள்ளைங்களுக்கு சொல்லணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. ஜெர்மனில ராபர்ட் கோக்கோட ஆய்வுக்கூடத்துல கிருமி வளக்க அப்ப ஜெலட்டின்தான் ஊத்திட்டு இருந்தாங்க. வெயில் காலம் வந்தா அது உருகி வழிஞ்சிடும், போதாக்குறைக்கு சில கிருமி ஜெலட்டினையே தின்னு தண்ணியாக்கிடும். அங்க வேலை பாத்த வால்தர் ஹெஸ்ஸேவோட மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, 1881ல, நான் ஜெல்லி செய்யறதுக்கு அகர் போடுறேனே அது வெயில்லயும் உருகாதே அதப் போட்டு பாருங்களேன்னு சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு அது ஜாவாவுல இருந்துட்டு வந்த ஒரு டச்சுக்கார பக்கத்து வீட்டம்மா சொல்லிக்குடுத்தது. அடுத்த வருஷம் மார்ச் 24 அன்னிக்கு கோக் காசநோய்க் கிருமிய கண்டுபிடிச்சத உலகத்துக்கு சொன்னாரு, அகர் பத்தி எழுதுனாரு, ஆனா அந்தம்மா பேர போடல. எங்க பொண்ணுங்க இந்தக் கதைய கேட்டுட்டு எவ்ளோ கோவப்பட்டாங்கன்னு தெரியுமா, அந்தக் கோவமே ஒரு பாடம்.

இதை அப்படியே செஞ்சு காட்டலாம், பெரிய செலவும் இல்ல. ஒரு கப்புல ஜெலட்டின், ஒரு கப்புல அகர், ரெண்டு மேலயும் புதுசா வெட்டுன அன்னாசித் துண்டு வெச்சு ஏசி ரூம்ல விடுங்க. ஜெலட்டின் கொஞ்ச நேரத்துல கொழகொழன்னு தண்ணியாயிடும், அகர் அப்படியே நிக்கும். ஜெலட்டின் புரதம், அன்னாசில புரதத்த வெட்டுற என்சைம், அதாவது வேதிவினைய வேகமாக்குற பொருள், இருக்கு, அகர் கார்போஹைட்ரேட் வகை, அதுமேல இந்த என்சைம் ஒண்ணும் பண்ணாது. அன்னாசிய நல்லா வேகவெச்சு போட்டா ஜெலட்டினும் உருகாது, ஏன்னா என்சைம் சூட்டுல கெட்டுப்போச்சு. இதே வகை புரதம் வெட்டுற என்சைமதான் துணி தொவைக்குற பவுடர்ல கறை எடுக்க போடுறாங்க, கிருமிய வளத்து அதுலேர்ந்து எடுக்குறது. வண்ணாரப்பேட்டைல பொறந்து வளந்த புள்ளைக்கு என்சைம் பத்தி சொல்லித்தர இதைவிட நல்ல எடம் எது?

அகர் தட்டுல புள்ளைங்க வெரலை ஒத்தி எடுக்குறது, கை கழுவறதுக்கு முன்ன ஒண்ணு, சோப்பு போட்டு கழுவின பின்ன ஒண்ணு, இதையும் கண்டிப்பா வைங்க. உடனே "ஸ்கூல் புள்ளைங்க ஒரு நாள்தானே வருவாங்க, கிருமி வளர ரெண்டு நாள் ஆகுமே"ன்னு கேப்பீங்க. தட்டை டேப் போட்டு ஒட்டி, மேல நம்பர் எழுதி, உங்ககிட்டயே வெச்சுக்குங்க, தினம் காலைல ஒரு போட்டோ எடுத்து அந்த டீச்சரோட வாட்ஸப்புக்கு அனுப்புங்க. மூணு நாள் அந்த வகுப்புல வேற பேச்சே இருக்காது. வெளிய போயிட்டு வந்தப்பறமும் மூணு நாள் கூட வர்ற ஒரு காட்சிப்பொருள் உங்க கட்டடம் பூரா தேடுனாலும் இருக்காது. தட்டை யாரும் தொறக்கக் கூடாது, கடைசில பிரஷர்ல வேகவெச்சுட்டுதான் குப்பைல போடணும், அந்தக் கட்டுப்பாடு இல்லாம இத தயவுசெஞ்சு ஆரம்பிக்காதீங்க.

மைக்ராஸ்கோப் வெச்சா அதுல காஞ்சுபோன ஸ்லைட வெச்சுட்டு விட்டுடாதீங்க. வெதுவெதுப்பான தண்ணில சக்கரையும் பேக்கரி ஈஸ்டும் போட்டு அர மணி நேரம் கழிச்சு ஒரு சொட்டு எடுத்து வெச்சா 400 மடங்குல உருண்டை உருண்டையா தெரியும், சிலதுல பக்கத்துல குட்டியா மொட்டு விட்டிருக்கும். மேல டிவில காட்டுனா முப்பது பேரும் ஒண்ணா பாக்கலாம். இட்லி மாவையும் பாக்கலாம், ஆனா அதுல இருக்குற லூக்கோனாஸ்டாக் மாதிரி பாக்டீரியா அந்த அளவுல வெறும் புள்ளியாத்தான் தெரியும்னு முன்னாடியே சொல்லிடணும், இல்லன்னா ஏமாந்துடுவாங்க. மாவு பொங்குறதக் காட்ட மூணு கண்ணாடி ஜாடி போதும், ஒண்ணு ஃப்ரிட்ஜ்ல, ஒண்ணு ஏசி ரூம்ல, ஒண்ணு வெளிய வெயில்ல. ஃபோல்ட்ஸ்கோப்னு பேப்பர்ல மடிச்சு செய்யுற மைக்ராஸ்கோப், மனு பிரகாஷ் குழு 2014ல கொண்டுவந்தது, மத்திய அரசோட உயிர்தொழில்நுட்பத் துறையே நெறைய பள்ளிக்கூடத்துக்கு குடுத்திருக்கு, அத மடிக்க ஒரு மேசை போடுங்க.

இப்ப முக்கியமான எடத்துக்கு வர்றேன். உயிர்தொழில்நுட்பம்னா எங்கயோ வெளிநாட்டு லேப்ல வெள்ளக்கோட்டு போட்டவங்க செய்யுறதுன்னு இந்தப் புள்ளைங்க மனசுல பதிஞ்சிருக்கு. ஆனா அது அவங்க ஒடம்பு மேலயே இருக்குங்க! எடது தோள்ல, காசநோய்க்கு போடுற பிசிஜி தடுப்பூசியோட தழும்ப காட்டச் சொல்லுங்க, வந்த வகுப்புல ஏறக்குறைய எல்லாருக்கும் இருக்கும். அந்தத் தழும்புக்கு பின்னாடி பிரான்ஸ் விஞ்ஞானிங்க கால்மெட்டும் கெரினும் ஒரே கிருமிய பதிமூணு வருஷம், 230 தடவைக்கு மேல மாத்தி மாத்தி வளத்து சாதுவாக்குன கதை இருக்கு, 1921ல மொத கொழந்தைக்கு குடுத்தாங்க, நம்ம கிண்டிலயே 1948லேர்ந்து பிசிஜி ஆய்வகம் இருக்கு. இதுக்கு ஒரு கண்ணாடியும் ஒரு படமும் போதும், புள்ளை தன் கையையே காட்சிப்பொருளா பாத்துக்கும்.

அடுத்து ஆயாவோட இன்சுலின். எங்க ஏரியால ஃப்ரிட்ஜ் கதவுல முட்டைக்கு பக்கத்துல இன்சுலின் பாட்டில் இல்லாத வீடு கம்மி. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு போயி வரிசைல நின்னு வாங்கிட்டு வர்றது. அதோட லேபிள்ல பொடி எழுத்துல ஆர்டிஎன்ஏ ஆரிஜின்னு, அதாவது வெட்டி ஒட்டுன டிஎன்ஏலேர்ந்து வந்ததுன்னு, போட்டிருக்கும், லென்ஸ் வெச்சு படிக்கச் சொல்லுங்க. ஒரு காலத்துல பன்னி, மாடு இதுங்களோட கணையத்துலேர்ந்து எடுத்தாங்க, கால் கிலோக்கும் கொறைவான இன்சுலினுக்கு ரெண்டு டன் அளவுக்கு பன்னியோட உறுப்பு தேவைப்பட்டுச்சு. மனுஷ இன்சுலினுக்கான மரபணுவ ஈகோலைன்னு ஒரு பாக்டீரியாக்குள்ள வெச்சு 1978ல செஞ்சு காட்டுனாங்க, 1982ல மருந்தா வந்துச்சு. நம்ம வீட்டு ஆயா தெனம் போட்டுக்குற ஊசிய ஒரு பாக்டீரியாவோ ஈஸ்ட்டோதான் செஞ்சு குடுக்குதுன்னு தெரிஞ்ச புள்ளை, மரபணு மாற்றம்னா என்னன்னு ஆயுசுக்கும் மறக்காது. மஞ்சக்காமாலை பி வகைக்கு போடுற தடுப்பூசியும் ஈஸ்ட்டுக்குள்ள செய்யறதுதான், ஹைதராபாத்துல 1997ல நம்ம நாட்டுலயே செஞ்சு வெல கொறைஞ்சு எல்லாருக்கும் கெடைச்சுது.

கொரோனாவ விட்டுடாதீங்க. 2020 மே ஜூன்ல சென்னைலயே கேஸ் அதிகமா இருந்தது ராயபுரம் மண்டலம்தான், தகரம் அடிச்ச தெருல இருந்த புள்ளைங்க இதுங்க. மூக்குல குச்சி விட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, அந்தக் குச்சி அப்பறம் எங்க போச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அதுல இருந்த கிருமியோட மரபணுத் துண்ட பல மடங்கா காப்பி எடுத்துதான் கண்டுபிடிச்சாங்க, அந்த முறைக்குப் பேர்தான் பிசிஆர். அத விளையாட்டாவே காட்டலாம், நாங்க மொட்டை மாடில ஆடுறோம். ஒருத்தர் நடுவுல நிப்பாங்க, "சூடு"ன்னா கைய விரிக்கணும், "ஆறுது"ன்னா ஆளுக்கொரு ஜோடிய உள்ள இழுக்கணும், ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும், அஞ்சாவது சுத்துல முப்பத்திரண்டு பேர் வேணும், வகுப்பே தீர்ந்துடும். மெஷின் இதையே 30 சுத்து ஓட்டுனா ஒரே ஒரு துண்டு 107 கோடிக்கு மேல ஆயிடும். 95 டிகிரி சூட்டுலயும் கெடாம காப்பி எடுக்குற என்சைம அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊத்துல வாழுற ஒரு பாக்டீரியாகிட்டேர்ந்துதான் எடுத்தாங்க, பிசிஆர யோசிச்ச கேரி முல்லிஸுக்கு 1993ல நோபல் கெடைச்சுது. வெந்நீர் ஊத்துல கெடந்த ஒரு கிருமி இல்லன்னா எங்க தெருவுல யாருக்கு கொரோனான்னு அவ்ளோ சுலபமா சொல்லியிருக்க முடியாதுன்னா, யாரும் கண்டுக்காத ஒரு உசுரையும் காப்பாத்தி வெக்கணும்னு அதுங்களுக்கே தோணிடும், நாம தனியா புத்தி சொல்லவே வேணாம்.

காசிமேட்டு புள்ளைங்களுக்கு மீன் வைங்க. சங்கரா எது, பாறை எது, கானாங்கெளுத்தி எதுன்னு தூரத்துலேர்ந்தே சொல்லுவாங்க, உங்க வழிகாட்டிக்கே தெரியாதது இவங்களுக்கு தெரியும். ஆனா தோலை உரிச்சு துண்டு போட்டுட்டா அவங்களுக்கும் குழப்பம் வரும், அங்கதான் டிஎன்ஏ பார்கோடு வேலை செய்யும். எல்லா விலங்கு செல்லுலயும் இருக்குற ஒரே மரபணுவுல சுமார் 650 எழுத்த மட்டும் படிச்சு இது இன்ன இனம்னு சொல்லிடலாம்னு 2003ல பால் ஹீபர்ட் குழு காட்டுனாங்க. டிஎன்ஏவோட எழுத்துங்க ஏ, டி, ஜி, சி நாலுக்கும் நாலு கலர், நீளமான அட்டைல பட்டை பட்டையா அடிச்சு குடுத்து இந்தத் துண்டு எந்த மீனோடதுன்னு பொருத்தச் சொல்லுங்க. மொத தடவயா ஒரு அறிவியல் மையத்துல இந்தப் புள்ளைங்க தெரிஞ்சவங்களா நிப்பாங்க. அது எவ்ளோ பெரிய விஷயம்னு உங்களுக்கு புரியணும். எப்பவும் அவங்க அங்க தெரியாதவங்களாத்தான் நிக்குறாங்க, சீருடைய பாத்தே எந்தப் பக்கத்துப் புள்ளைங்கன்னு முடிவு பண்ணி குரல ஒசத்துறவங்கள நானே பாத்திருக்கேன்.

எங்க ஏரியானாலே குப்பை, சாக்கடைன்னு சொல்லி சொல்லி இந்தப் புள்ளைங்களுக்கு காது புளிச்சுப் போச்சு. ஆனா கொடுங்கையூர் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல நாறுற அந்தத் தண்ணிய காத்தே படாத தொட்டில பாக்டீரியா தின்னு வாயு விடுது, அந்த வாயுல இஞ்சின் ஓட்டி கரண்ட் எடுக்குறாங்க. அதே எடத்துல தினம் நாலரை கோடி லிட்டர் கழிவுநீர மறுபடி சுத்தம் பண்ணி மணலி தொழிற்சாலைங்களுக்கு அனுப்புற ஆலையும் இருக்கு. ஒரு பாட்டில்ல சாணியும் காய்கறித் தோலும் போட்டு வாய்ல பலூன் மாட்டி வெச்சா ஒரு வாரத்துல பலூன் எழும்பும், பக்கத்துல கொடுங்கையூர் படத்த மாட்டுங்க. எங்க ஊர்ல இவ்ளோ பெரிய வேலை நடக்குதுன்னு அவங்க நெஞ்ச நிமித்தட்டும்.

எண்ணூர் கழிமுகத்துல 2023 டிசம்பர் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து வந்து படகு, வலை, மரம் எல்லாம் கருப்பா பூசுன மாதிரி ஆச்சு, அதை பாத்த புள்ளைங்க என்கிட்ட படிக்குறாங்க. மேற்கு வங்கத்துல பொறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி அமெரிக்காவுல எண்ணெய் தின்னுற பாக்டீரியா ஒண்ண உருவாக்கி, அதுக்கு காப்புரிமை குடுக்கலாம்னு 1980ல அங்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்னதைச் சொன்னா, ஒடனே கேப்பாங்க, "அப்ப ஏன் அதை எண்ணூர்ல ஊத்தலக்கா?" நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்கு பயப்படாதீங்க. அவரோட அந்தப் பாக்டீரியாவ எந்த எண்ணெய்க் கசிவுலயும் பயன்படுத்தல, லேபுல செஞ்சத கடல்ல விட்டா என்ன ஆகும்ங்கற பயம் இருந்துச்சு, கடல்லயே எண்ணெய் தின்னுற கிருமி இயற்கையா இருக்கு ஆனா அதுங்க மெதுவாத்தான் வேலை செய்யும், கொட்டாம பாத்துக்கறதுதான் மொதல்ல செய்ய வேண்டியது, இவ்ளோவையும் பன்னெண்டு வயசு புள்ளைக்கு சொல்ல முடியும், நான் சொல்லியிருக்கேன்.

அதே மாதிரி மரபணு மாத்துன பயிர் பத்தியும் ஒரு பக்கம் மட்டும் எழுதி மாட்டாதீங்க. பூச்சிய கொல்லுற ஒரு பாக்டீரியாவோட மரபணுவ உள்ள வெச்ச பயிருக்குத்தான் பிடின்னு பேர். பிடி பருத்திக்கு நம்ம நாட்டுல 2002ல அனுமதி குடுத்தாங்க, பிடி கத்திரிக்காய 2010ல நிறுத்தி வெச்சாங்க, ரெண்டுக்கும் காரணம் இருந்துச்சு, ரெண்டு பக்கமும் விஞ்ஞானிங்க பேசுனாங்க. தரமணில எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துல உப்புத் தண்ணில வளர்ற அலையாத்தி மரத்தோட மரபணுவ நெல்லுக்குள்ள வெச்சு உப்புத் தண்ணிய தாங்குமான்னு ஆராய்ச்சி பண்ணாங்க, அதே அலையாத்தி எங்க எண்ணூர் கழிமுகத்துல சேத்துல வேர நீட்டிட்டு நிக்குது. ஒரு கொப்ப தண்ணில வெச்சு காட்டுங்க, இலைக்கு அடில உப்புப் படிஞ்சிருக்கறத தொட்டுப் பாக்கட்டும், அப்பறம் இந்த நெல்ல வயல்ல விடலாமா வேணாமான்னு அவங்களே ரெண்டு அணியா பிரிஞ்சு பேசட்டும். பேச வெச்சுப் பாருங்க, நேரம் போறதே தெரியாது.

இதுக்கெல்லாம் ஆள் எங்கன்னு கேக்காதீங்க. என்கூட பயோடெக், மைக்ரோபயாலஜி படிச்ச பொண்ணுங்க பசங்க பாதி பேரு மெடிக்கல் கோடிங்லயும் கால் சென்டர்லயும் நைட் ஷிஃப்ட் பாக்குறாங்க, லேப் பக்கம் வர ஏங்குறவங்க. வடசென்னைலேர்ந்து நாலு பேர எடுத்து மாசச் சம்பளம் குடுத்து பயிற்சி குடுங்க, தன்னார்வலர்னு சொல்லி சும்மா வாங்காதீங்க, சும்மா வர்றவங்க பரீட்சை வந்தா போயிடுவாங்க. புள்ளைங்க பேசுற தமிழ்ல பேசத் தெரிஞ்சவங்களா இருக்கணும். போர்டுல வர்ற வரியும் அப்படியே இருக்கட்டும், பாடப்புத்தகத்த எடுத்து ஒட்டாதீங்க, அது அவங்க பையிலயே இருக்கு. அப்பறம் ஒரு கண்காட்சிப்பொருள் கெட்டுப்போனா மூணு நாளைக்குள்ள சரி பண்ணணும், "பழுது"ன்னு அட்டை தொங்குறத பாத்துட்டு திரும்புற புள்ளை மறுபடி வராது.

எங்க பக்கத்துலேர்ந்து வர்றதும் லேசு இல்ல. திருவொற்றியூர், எண்ணூர்லேர்ந்து ஒரு மாநகராட்சிப் பள்ளி கெளம்புனா பஸ் வாடகைக்கே டீச்சர்ங்க கைக்காசு போட வேண்டியிருக்கு, கண்டெய்னர் லாரி நெரிசல்ல போயி சேரவே மதியம் ஆயிடும், ஒரு மணி நேரம் பாத்துட்டு திரும்பணும். மெட்ரோ 2021லேர்ந்து விம்கோ நகர் வரைக்கும் ஓடுது, பள்ளிக்கூடத்துலேர்ந்து வர்ற புள்ளைங்களுக்கு மெட்ரோ டிக்கெட்ட நீங்க ஏத்துக்க முடியுமான்னு பாருங்க. முடியலன்னா ஒரு வேன்ல ரெண்டு மேசை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், ஒரு டிவிய ஏத்திட்டு நீங்க இங்க வாங்க. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு, வாரத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் போதும். கட்டடம் கட்ட ஆகுற வருஷங்கள்ல ஒரு தலைமுறை பத்தாவது முடிச்சுட்டு வேலைக்கு போயிடும், வேன் அடுத்த மாசமே கெளம்பலாம்.

நான் மேல சொன்ன ஒவ்வொண்ணுக்கும் என்னென்ன சாமான், எவ்ளோ நேரம், எந்த வயசுக்கு, என்ன ஜாக்கிரதைன்னு தனித்தனியா எழுதி வெச்சிருக்கேன், கேட்டா குடுக்குறேன், காசு வேணாம். மொத வேன் வர்ற அன்னிக்கு வாழைப்பழமும் ஈர்க்குச்சியும் எங்க செலவு. ஸ்பிரிட்டும் அத ஊத்த ஒரு ஆளும் மட்டும் நீங்க கொண்டு வாங்க.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை டியூஷன் அக்கா